பறிமுதல் ஆன சத்தம்

ஒலிக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் முதுநிலை அலுவலர் ஒருவர், தம் ஒரே மகளின் கல்யாண வரவேற்புக்கு நல்லதொரு டிஜேயைத் தேர்ந்தெடுத்து அமர்த்த வேண்டிய நிலைக்கு ஆளானார். வண்டியில் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கி, பாட்டுப் போட்டு, வந்தவர்களை ஆட வைத்துவிட்டுப் போகிற ஆட்கள் இன்றைக்குத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஒரு போன் போட்டால் முடிகிற காரியம். எந்தத் தகப்பனுக்கும் இதில் சிரமம் இருக்க நியாயமில்லை. இவருக்கு மட்டும் இருந்தது. ஏனென்றால் அந்த நாலு பேரையும் துரத்தித் துரத்திப் பிடித்து, அவர்களுடைய ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு அரக்கு வைத்து சீல் அடித்தவர் இவரேதான்.

ஊரில் அவருக்கு ‘உஷ்’ என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பதுபோல இவர் ஒலி அளக்கும் மீட்டர் வைத்திருப்பார். அலுவலகத்துக்குப் பின்னாலேயே குடியிருப்பு. நடுவில் ஒரு சுற்றுச்சுவர்தான். அதனால் கடமை உணர்ச்சி வீடு வந்து சேர அதிக நேரம் பிடிக்காது. அவர் வீட்டில் மிக்ஸியைப் பழைய போர்வையில் சுற்றித்தான் ஓட்டுவார்கள். குக்கர் விசிலடிக்க வாயைத் திறக்கும்போதே மனைவி ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிடுவாள். அந்த வீட்டில் முழுசாக வெந்த எதையும் யாரும் சாப்பிட்டதில்லை. மகள் பிறந்து முதல் அழுகை அழுதபோது, உலகத்துத் தகப்பன்மார் எல்லாம் கண் கலங்குகிற அந்த நேரத்தில், இவர் மீட்டரை நீட்டினார். “கொஞ்சம் அதிகம்தான்” என்று நர்ஸிடம் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு மனைவி இன்றுவரை மன்னிப்பு வழங்கவில்லை. வழங்காததில் நியாயம் இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொள்வார், அதையும் தணிந்த குரலில்தான்.

பிறந்தநாளுக்கு இரண்டு விரலால் கைதட்டுகிற வீட்டில் வளர்ந்த அந்தப் பெண், கல்யாணம் நிச்சயமானதும் அப்பாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, எனக்கு நகை வேண்டாம். புடவையும் நீங்க பாத்து எது எடுத்தாலும் சரி. ஒரே ஒரு சாயங்காலம் எனக்குக் குடுங்க. வயித்துக்குள்ள வந்து இடிக்கிற மாதிரி பாட்டு. நல்ல டிஜே ஒருத்தர். வேற ஒண்ணும் கேக்கல.”

‘எவ்வளவு டெசிபல்ல?’ என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார். அவள் தொண்டையைச் செருமாமல் பேசக் கற்றவள், கதவைச் சாத்தாமல் கோபப்படக் கற்றவள். இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

“பிரமாதமா பண்ணிடலாம் கண்ணு” என்றார்.

அடுக்களையில் இருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். “எது, நீங்களா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அலுவலர் போனை எடுத்தார்.

“ஒரு கல்யாண வரவேற்புக்கு டிஜே வேணும்.”

“தூள் கிளப்பிடலாம் சார்! எந்த மண்டபம்? யார் பேசறது?”

சொன்னார்.

“சார், நான் அந்தத் தொழிலை விட்டுட்டேன் சார். இப்போ தியான வகுப்பு எடுக்கறேன்.”

“பின்னால டும் டும்னு கேக்குதே?”

“மூச்சுப் பயிற்சி சார். மாணவர்கள் கொஞ்சம் வேகமா விடறாங்க.”

அடுத்தவரைக் கூப்பிட்டார். எடுத்தவர், டிஜே காலமாகிவிட்டதாகத் தெரிவித்தார்.

“அடடா, எப்போ?”

“இப்பத்தான் சார்.”

“நீங்க யாரு?”

“நான்தான்… அதாவது, அவரோட தம்பி.”

குற்றம் அவர்கள் மேல் இல்லை. போன வருஷம் இதே அலுவலர், மணப்பெண்ணின் தாய்மாமன் என்று சொல்லிக்கொண்டு இதேபோல ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு, முன்பணம் தருகிறேன் என்று வரச்சொல்லி, வந்தவர்களை வரிசையாக நிற்க வைத்துப் பிடித்திருந்தார். அந்த அரிய உத்திக்காக மேலிடத்திலிருந்து அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். இப்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபோது, ‘தன் வாயில் தானே மண் போட்டுக்கொண்டு அதற்குச் சட்டமும் போட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்’ என்று தோன்றியது.

அலுவலகத்தில் சட்டப் பிரிவைக் கவனிக்கும் அம்மையார் ஒருவர் இருந்தார். எதைக் கேட்டாலும் விதியின் ஷரத்தைச் சொல்லித்தான் பதில் ஆரம்பிப்பார் என்பதால் அவருக்கு ‘ஷரத்து அம்மா’ என்று பெயர். விஷயத்தைக் கேட்டதும் அவர் ஒரு யோசனை சொன்னார்.

“இதுவரைக்கும் ஒரு புகார்கூட வராத டிஜே ஒருத்தர் இருக்கார் சார். சாந்தம்னு சொல்வாங்க. அரசு அலுவலர் வீட்டு விசேஷத்துக்கு அப்பழுக்கில்லாத ஆளைத்தானே கூப்பிடணும்?”

நியாயமாகப் பட்டது. அன்றைக்கே சாந்தம் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் ஒரு சின்னப் பெட்டி. கூடத்தில் பெட்டியை வைத்து, வயரை மாட்டி, ஒரு திருகைத் திருகிவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். குடும்பம் மொத்தமும் காத்திருந்தது.

“ஆரம்பிங்க” என்றார் அலுவலர்.

“ரெண்டாவது பாட்டு போய்க்கிட்டிருக்கு சார்.”

மகள் எழுந்து போய் ஃபிரிட்ஜை அணைத்தாள். அப்போதும் கேட்கவில்லை. பெட்டிமேல் காதை வைத்துப் பார்த்துவிட்டு, “ஆமா, ஏதோ இருக்கு” என்றாள்.

அலுவலர் மீட்டரை எடுத்து நீட்டினார். முள் அசையவில்லை. பழக்க தோஷத்தில் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“பரம திருப்தி! இப்படி ஒரு டிஜேயை நான் பார்த்ததே இல்ல.”

“கேட்டதும் இல்லியேப்பா” என்றாள் மகள். குரலை உயர்த்தவில்லை. அவளுக்கு உயர்த்தத் தெரியாது. கண் மட்டும் நிறைந்துவிட்டது. அலுவலர் மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தான் எவ்வளவு பெரிய மடையன் என்பதை அளக்க அதில் முள் இல்லை என்று நினைத்துக்கொண்டார். சாந்தத்துக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பி வைத்தார்கள்.

அலுவலருக்கு ஒரு ரகசியம் உண்டு. அவர் வேலையே போனில் புகார் கேட்பதுதான். பக்கத்து மண்டபத்தில் காது கிழிகிறது, குழந்தை தூங்கவில்லை, ஜன்னல் கண்ணாடி ஆடுகிறது என்று ஜனங்கள் கத்துவார்கள். கத்துகிறவர் குரலுக்குப் பின்னாலேயே அந்தப் பாட்டும் வரும். வருஷக்கணக்காக இப்படிக் கேட்டுக் கேட்டு, ஊரில் எந்த டிஜே எப்படி ஆரம்பிப்பான், எந்த இடத்தில் சொதப்புவான் என்பது அவருக்கு அத்துப்படி. அதிலும் ஒருவன் கைவண்ணம் வந்துவிட்டால் மேசைக்கு அடியில் அவர் கால் தன்னால் தாளம் போடும். “கொஞ்சம் ஜன்னல் பக்கமாப் போய்ப் பேசுங்கம்மா, புகார் தெளிவாப் பதிவாகட்டும்” என்பார். பாட்டு முடிகிறவரை பொறுமையாகக் கேட்பார். முடிந்த பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியைப் பறிமுதல் செய்வார். ரசனைக்கும் சரி, கடமைக்கும் சரி, அவர் குறை வைத்ததே இல்லை.

அந்த ஒருவன் பெயர் டமால். மழைக்கு முன்னால்தான் அவனுடைய பெட்டிகள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து அலுவலகக் கிடங்கில் போட்டிருந்தார்.

ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் டமால் வந்தான். இரண்டு கையையும் லேசாக உயர்த்திக்கொண்டே உள்ளே வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

“சார், என்கிட்ட இனிமே எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல சார். வீட்ல காலிங் பெல்லைக்கூடக் கழட்டிட்டேன்.”

“பயப்படாதப்பா. என் பொண்ணு கல்யாணத்துக்கு நீ பாட்டுப் போடணும்.”

“போன வருஷம் தங்கச்சி பொண்ணு கல்யாணம்னு சொன்னீங்க.”

“அது கடமை. இது நிஜம்.” அலுவலர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். “அந்தப் பெரிய மண்டபத்துல ஒரு பாட்டை அடிமேல அடியா ஏத்திக்கிட்டே போயி, உச்சியில டக்குனு நிறுத்தினியே. அத்தனை பேரும் ஒரு மூச்சு இழுக்கற நேரம் விட்டு, மறுபடி இறக்கினே பாரு… அடேயப்பா! எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.”

டமாலின் கை தானாகக் கீழே இறங்கியது. “நீங்க அங்க வந்திருந்தீங்களா சார்?”

“இல்ல. புகார் குடுத்தவர் போன்ல இருந்தார்.”

“அதான் அன்னிக்குப் பெட்டி எடுக்க அவ்வளவு லேட்டா வந்தீங்களா!” டமாலுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கலையை அணு அணுவாக ரசித்த ஒரே ஆள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன ஆளாகவா இருக்க வேண்டும்? “வரேன் சார். ஆனா என் கையில இருக்கறது என் கை மட்டும்தான். பெட்டி உங்க கிடங்குல இருக்கு.”

ஆக டிஜே கிடைத்துவிட்டான். பெட்டியை விடுவிப்பதுதான் பாக்கி. அலுவலர் ஷரத்து அம்மாவிடம் போனார்.

“டமாலோட பெட்டியை விடுவிக்கணும்மா.”

“விசாரணை அதிகாரி யாரு சார்?”

“நான்தான்.”

“கல்யாணம் யார் வீட்டுது?”

“என் வீட்டுதுதான்.”

“அப்போ நீங்க விசாரிக்க முடியாது. சொந்த ஆதாயம்.”

“சரி, வேற அதிகாரிக்கு மாத்திடுங்க.”

“மாத்தறதுக்கு விசாரணை அதிகாரி கையெழுத்துப் போடணும்.”

“குடுங்க, போடறேன்.”

“எப்படிப் போடுவீங்க? அதுலயும் சொந்த ஆதாயம் இருக்கே.”

இப்படி ஒரு விதியை எந்த மகானுபாவன் எழுதினான் என்று கேட்க அலுவலர் வாயெடுத்தார். எழுதியது தாம்தான் என்பது ஞாபகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டார். அதற்கும் ஒரு பாராட்டுக் கடிதம் வந்திருந்தது.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஷரத்து அம்மாவுக்கே இரக்கம் வந்துவிட்டது. விதிப் புத்தகத்தைப் புரட்டாமலே, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

“சார், பெட்டி கிடங்கை விட்டு வெளியே போகக் கூடாதுன்னுதான் இருக்கு. கிடங்குக்குள்ள ஓடக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. சொல்லப்போனா, பறிமுதல் ஆன பொருள் கெட்டுப் போகாம இருக்க, அப்பப்போ இயக்கிப் பார்க்கணும்னே இருக்கு. பதினோராவது ஷரத்து.”

“இயக்கிப் பார்க்கறதுன்னா?”

“பொருளோட குணம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இயக்கணும். அது டமால். போதுமான சாட்சிகள் முன்னால நடக்கணும். எத்தனை பேர்னு சொல்லல. வரவேற்புக்கு வர்றவங்க எல்லாரும் சாட்சிதானே?”

“சாட்சிங்க ஆடலாமா?”

“ஆடக் கூடாதுன்னு இல்ல. ஆனா ஒண்ணு. பொருள் நின்ன உடனே ஆய்வு முடிஞ்சதா அர்த்தம். அந்த நிமிஷமே நான் அரக்கை உருக்கி சீல் வெச்சாகணும். அதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.”

ஆக, பெட்டி கல்யாணத்துக்கு வர முடியாது என்பதால் கல்யாணம் பெட்டியிடம் போவது என்று முடிவாயிற்று. இதில் ஒரு சிக்கல். மாப்பிள்ளையின் அம்மா நாகரிகம் என்றால் உயிரை விடுகிறவர். எதை உடுத்த வேண்டும், எதைச் சாப்பிடக் கூடாது, எந்தக் கோணத்தில் நின்றால் படம் நன்றாக வரும் என்பதையெல்லாம் வாரத்துக்கு வாரம் மாற்றிக்கொள்கிறவர். அப்பேர்ப்பட்ட சம்பந்தியம்மாவிடம் போய், உங்கள் மகன் வரவேற்பைப் பறிமுதல் கிடங்கில் வைத்திருக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? கல்யாணமே நின்றுவிட்டால்? அலுவலர் போய் நின்றார். பாதி சொல்லும்போதே சம்பந்தியம்மா எழுந்து நின்றுவிட்டார்.

“கிடங்கா? நிஜமான கிடங்கா?”

“மன்னிச்சிடுங்க சம்பந்தி. வேற வழி தெரியல.”

“தூசி இருக்குமா?”

“இருக்கும்.”

“ஒட்டடை?”

“நிறைய.”

சம்பந்தியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “சம்பந்தி, உங்களைப் போய் நான் சாதாரணமா நெனச்சுட்டேனே! இப்போ நல்ல மண்டபத்துல யார் விசேஷம் பண்றா? பாழடஞ்ச இடந்தான் ஃபேஷன். என் ஓரகத்தி மகனுக்கு மூடிக் கிடந்த ஆலையில பண்ணாங்க. ஆனா அதெல்லாம் பெயின்ட் அடிச்சு வரவழைச்ச பாழு. உங்களுது ஒரிஜினல்! எதையும் தொடாதீங்க. ஒரு ஒட்டடைகூட அறுந்துடக் கூடாது.”

இந்த உத்தரவு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அலுவலரின் மனைவி துடைப்பத்தோடு கிடங்கில் பாதியைப் பெருக்கி முடித்திருந்தாள். சம்பந்தியம்மா வந்து பார்த்துப் பதறி, பெருக்கின குப்பையை மறுபடி கொட்டிப் பரப்பச் சொன்னார். “ஏங்க, நம்ம பொண்ணை இந்த வீட்லயா குடுக்கறோம்?” என்று மனைவி கேட்டாள். ஆனாலும் சம்பந்தி சொன்னதாயிற்றே என்று, எங்கெங்கே எந்தக் குப்பை இருந்தது என்று யோசித்து யோசித்துப் போட்டாள்.

அழைப்பிதழில், ‘பறிமுதல் பொருட்களின் இயங்குநிலை ஆய்வும், எங்கள் செல்வ மகளின் திருமண வரவேற்பும்’ என்று அச்சடித்தார்கள். சாட்சிகள் குறித்த நேரத்தில் தவறாது ஆஜராக வேண்டும் என்றும் அடியில் போட்டிருந்தது. இதைவிட நயமான வாசகம் தான் கண்டதில்லை என்று சம்பந்தியம்மா ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நாளும் வந்தது. விடுமுறை நாள்தான். உறவும் நட்பும் வாசலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். சிவப்பு அரக்கைத் தொட்டுப் பார்த்து, இந்த அலங்காரத்துக்கு ஆள் எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார்கள். அலுவலர் தம் கையால் சீலை உடைத்தார். டமால் தன் பெட்டிகளை ஒருதரம் தடவிக் கொடுத்தான். பிறகு ஆரம்பித்தான்.

மெதுவாகத்தான் ஆரம்பித்தான். ஏறிக்கொண்டே போனான். ஒட்டடைகள் ஆடின. மகள் நடுவில் நின்றாள். முதலில் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, அங்கே வந்து இடிப்பதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பின் முழு அளவை அவள் அம்மாவே அன்றைக்குத்தான் பார்த்தாள்.

உச்சியில் டமால் டக்கென்று நிறுத்தினான்.

பொருள் நின்றது. ஷரத்து அம்மா ஒரு கையில் மெழுகுவத்தியும் மறு கையில் அரக்குமாக, கூட்டத்தைப் பிளந்துகொண்டு பெட்டியை நோக்கிப் பாய்ந்தார். ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான். பாட்டு மறுபடி இடியாக இறங்கியது. பாய்ந்த அம்மையார் தூக்கிவாரிப் போட்டு அப்படியே பின்னால் குதித்தார். அடடா, என்ன ஆட்டம் என்று கூட்டம் வாய் பிளந்தது. அடுத்த முறை நிறுத்தியபோது சம்பந்தியம்மா தலைமையில் இருபது பேர், கையில் இல்லாத மெழுகுவத்தியோடு பெட்டியை நோக்கிப் பாய்ந்து பின்னால் குதித்தார்கள். மூன்றாவது முறை மொத்தக் கிடங்கும் பாய்ந்தது. உண்மையான ஷரத்து அம்மாவால் பெட்டியை நெருங்கவே முடியவில்லை.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், ஒருவரைத் தவிர. அலுவலர் ஓரத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார். இத்தனை வருஷம் உயிராக ரசித்த பாட்டு, முதல்முதலாக நேரில் கேட்கும்போது, மண்டையில் சம்மட்டியால் அடிப்பதுபோல இருந்தது. டமாலின் பாட்டை அவர் போன் வழியாகத்தான் அறிவார். பையில் மீட்டர் வேறு துடித்துக்கொண்டிருந்தது. மகள் இரண்டு மூன்று முறை அவர் பக்கம் பார்த்தாள். சிரித்துக் கையசைத்தார். அதற்காகக் காதிலிருந்து ஒரு கையை எடுத்தபோது வலித்தது.

பக்கத்து அறையில் போன் மணி அடித்தது. புகார் போன். அலுவலகமே கிடங்கில் ஆடிக்கொண்டிருந்ததால் எடுக்க ஆளில்லை. தப்பித்தோம் என்று அவர் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தார்.

“சார், நான் சாந்தம் பேசறேன். பக்கத்துத் தெருவுலதான் குடியிருக்கேன். ஏதோ கிடங்குலேர்ந்து காதைப் பிளக்குது சார்.”

பேசுகிற குரலுக்குப் பின்னால், தூரத்திலிருந்து, சன்னமாக அது வந்தது. அதே பாட்டு. டமாலின் கைவண்ணம். ஒவ்வொரு அடியும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மேசைக்கு அடியில் அலுவலரின் கால் ஆட ஆரம்பித்தது.

“கொஞ்சம் ஜன்னல் பக்கமாப் போய்ப் பேசுங்க சாந்தம்.”

“போயிட்டேன் சார். உடனே வந்து பெட்டியைப் பறிமுதல் பண்ணுங்க.”

“அது பறிமுதல் ஆயிடுச்சே. எல்லாப் பெட்டியும் எங்க கட்டுப்பாட்டுலதான் இருக்கு. நடவடிக்கை எடுத்தாச்சு.”

“அப்போ இப்ப கேக்கறது என்ன சார்?”

“பறிமுதல் ஆன சத்தம்.”

சாந்தம் யோசித்தார். “மறுபடி பறிமுதல் பண்ண முடியாதா?”

“ஒரு பொருளை எப்படி ரெண்டு தரம் பறிமுதல் பண்றது?”

“அப்போ பறிமுதல் ஆன பெட்டியை யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதா?” சாந்தத்தின் குரலில் புகார் போய் வேறொன்று வந்துவிட்டது. “சார்… என் பெட்டியையும் பறிமுதல் பண்ணிக்குவீங்களா?”

“உங்க பெட்டிக்கு அந்தத் தகுதி இல்லைங்க.”

“பெருசா வாங்கிக்கறேன் சார்!”

கதவு திறந்தது. மகள் நின்றாள். வேர்த்து, தலை கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு.

“அப்பா! என் கல்யாணத்தன்னிக்கு இங்க உக்காந்து என்ன பண்றீங்க?”

“புகார் கேட்டுக்கிட்டிருக்கேன் கண்ணு.”

அவள் கீழே பார்த்தாள். அவர் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். இருபத்து நாலு வருஷமாகத் தன் வீட்டில் இல்லை என்று நினைத்திருந்தது மேசைக்கு அடியில் இருந்திருக்கிறது.

“எவ்வளவு நாளாப்பா?”

“நீ பிறக்கறதுக்கு முன்னாலேர்ந்து” என்றார் அலுவலர். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அவள் ரிசீவரை வாங்கி மேசைமேல் வைத்தாள். போனில் மாட்டவில்லை, படுக்கப் போட்டாள். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவர் ஆடினார். ஆட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. மீட்டரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காது வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, அப்படியும் இப்படியும் சாய்ந்தார். அனுமதிக்கப்பட்ட அளவை முள் எப்போதோ தாண்டிப் போயிருந்தது. மகளுக்கு அந்தச் சாயங்காலம் கிடைத்துவிட்டது. இதோடு கதை முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது.

மறுநாள் அலுவலக வாசலில் சாந்தம் ஆளுயரப் பெட்டி ஒன்றோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் தியான வகுப்புக்காரர் நின்றார். காலமானவரும் வந்திருந்தார். பறிமுதல் ஆன பெட்டிக்கு அபராதம் இல்லை, துரத்தல் இல்லை, ஆயுசுக்கும் பாதுகாப்பு என்கிற சேதி பரவிவிட்டிருந்தது. யாரும் புகார் கொடுக்காவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, அவரவர் மேல் அவரவரே புகார் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். அலுவலருக்கு வேறு வழியில்லை. வந்த புகாருக்கு நடவடிக்கை எடுத்தார்.

நாகரிகம் தெரிந்தவர்கள் பறிமுதல் கிடங்கில்தான் விசேஷம் வைப்போம் என்று அடம் பிடித்தார்கள். இயங்குநிலை ஆய்வுக்கு மாதக்கணக்கில் முன்பதிவு ஆயிற்று. மெழுகுவத்தியோடு பாய்ந்து பின்னால் குதிக்கும் ஆட்டத்துக்கு வகுப்புகள் தொடங்கின. டமால் அலுவலகத்திலேயே ஆய்வு நிபுணர் ஆனான். ஒட்டடை போதவில்லை என்று வெளியிலிருந்து வரவழைத்தார்கள். நகரத்திலுள்ள ஒவ்வொரு பெட்டியும் பறிமுதல் ஆகி, மற்ற தெருக்களெல்லாம் நிசப்தமாகிவிட்டதால், ஒலியை அறவே ஒழித்த ஒப்பற்ற அலுவலகம் என்று மேலிடம் ஒரு கேடயம் கொடுத்தது. அலுவலருக்குப் பதவி உயர்வு வந்தது. புகார் போன் ஷரத்து அம்மாவுக்குப் போயிற்று.

நகரத்தின் சத்தம் மொத்தமும் ஒரே இடத்தில் இருந்தது. அதற்கும் அலுவலரின் படுக்கையறைக்கும் நடுவில் ஒரு சுற்றுச்சுவர்தான். சாயங்காலம் ஆனால் பாத்திரம் அலமாரியை விட்டு இறங்கி நடக்கும். ஒரு நாள் மனைவி, போர்வை சுற்றாத மிக்ஸியை ஓட்டிக்கொண்டே கத்தினாள். அது ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“ஏங்க! அந்த ஆபீசுக்கே நீங்கதானே பெரிய ஆளு? ஏதாவது பண்ணுங்களேன்!”

“நான் தலையிட முடியாது! சொந்த ஆதாயம்!”

“அப்போ ஊர்ல எல்லாரையும் மாதிரி புகாராவது குடுங்க!”

அலுவலர் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, தாம் பாதி ஆயுளுக்கு மேல் உட்கார்ந்திருந்த எண்ணுக்குப் போன் போட்டார். ஷரத்து அம்மா எடுத்தார். கேட்டார். அவருக்குப் பாடமாகியிருந்ததை ஒப்பித்தார்.

“பெட்டி எல்லாம் எங்க கட்டுப்பாட்டுல இருக்கு சார். நடவடிக்கை எடுத்தாச்சு.”

“சரியா விளங்கலம்மா. இன்னொரு தரம் சொல்லுங்க. அவசரமில்ல, நிதானமா.”

அவர் மறுபடி சொல்ல ஆரம்பித்தார். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

“என்ன சொல்றாங்க?”

“நடவடிக்கை எடுத்தாச்சாம்.”

“அப்புறம் எதுக்கு இன்னும் போனைக் காதுல வெச்சுக்கிட்டிருக்கீங்க?”

சுவருக்கு அந்தப் பக்கம் டமால் ஏறிக்கொண்டிருந்தான். ஷரத்து அம்மாவின் குரலுக்குப் பின்னால், தூரத்திலிருந்து, சன்னமாக, இருக்க வேண்டிய அளவில் அது வந்துகொண்டிருந்தது. உச்சிக்கு இன்னும் கொஞ்சம்தான். மனைவி அவர் காலைப் பார்த்துவிட்டாள். மிக்ஸியை அணைத்துவிட்டு வந்து, அவளும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டாள்.

“அட, போன்ல நல்லாத்தாங்க இருக்கு…” என்று ஆரம்பித்தாள்.

அலுவலர் உதட்டில் விரலை வைத்தார்.

“உஷ்.”